மலைப்பள்ளியில் காது பரிசோதனை: புதிதாகத் தொடங்குவோருக்கு

பரிசோதனைக்குத் தேதி குறிக்கும் முன் ஒரு தடவை பள்ளிக்குப் போய் அதன் கூரையைப் பார்த்து வாருங்கள். தகரமா, ஆஸ்பெஸ்டாஸா, கான்கிரீட்டா? நீலகிரியில் இந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். தகரக் கூரையில் தூறல் விழுந்தாலே போதும், சோதனையில் தரும் 20 டெசிபல் (சத்தத்தின் அளவு) மெல்லிய ஒலி எந்தப் பிள்ளைக்கும் கேட்காது. காது நன்றாக உள்ள பிள்ளைகளும் வரிசையாகத் தோற்பார்கள். அத்தனை பெற்றோரையும் மருத்துவமனைக்கு அலையவிட்ட பிறகு, அடுத்த ஆண்டு நீங்கள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வைக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழை அங்கே விடாது. குன்னூர், கோத்தகிரிப் பள்ளிகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை, ஆகவே அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதி வரை தவிருங்கள். உறைபனி விழும் டிசம்பர் கடைசி, ஜனவரியில் மழை இருக்காது, ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி இருக்கும். சளியோடு நடுச்செவியில் நீர் கோத்திருக்கும், அதனாலும் தோல்விக் கணக்கு ஏறும். மாவட்டம் முழுவதற்கும் ஒத்துவருவது பிப்ரவரி. எந்த மாதமானாலும் மழைக்கென்று ஒரு மாற்று நாளைத் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

யாரைச் சோதிப்பது

எல்லா வகுப்பையும் ஒரே ஆண்டில் முடிக்க ஆசைப்படாதீர்கள். 1ஆம் வகுப்பைக் கட்டாயம் பாருங்கள். ஆளும் நாளும் மிஞ்சினால் 3, அதன்பின் 5 அல்லது 6. இவற்றோடு எந்த வகுப்பானாலும் ஆசிரியர் சந்தேகப்படும் பிள்ளை, காது ஒழுகும் பிள்ளை, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரிடம் “காது கேட்காத பிள்ளை யாராவது இருக்கா?” என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும். முற்றிலும் கேட்காத பிள்ளையை ஊருக்கே தெரியும். நாம் தேடுவது அரைகுறையாகக் கேட்கும் பிள்ளையை. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். கூப்பிட்டால் ஒரு பக்கமாகத் தலையைத் திருப்புவது யார்? “புத்தகத்தை எடு” என்றதும் பக்கத்துப் பிள்ளை எடுப்பதைப் பார்த்துவிட்டு எடுப்பது யார்? சொல்வதை எழுதுதலில் ச, ஸ, ஷ போன்ற ஒலிகளைத் தவறவிடுவது யார்? யார் பக்கத்தில் உட்கார மற்றப் பிள்ளைகள் நாற்றம் என்று மறுக்கிறார்கள்? கடைசி பெஞ்சில் எந்தத் தொந்தரவும் தராமல் அமைதியாக இருக்கும் பிள்ளை யார்? அந்தக் கடைசிக் கேள்வியில் வரும் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். குறும்பு செய்யும் பிள்ளையை ஆசிரியரின் கண் தானே தேடும். ஒன்றும் புரியாமல் சிரித்தபடி தலையாட்டும் பிள்ளை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போய்விடும், “படிப்பு ஏறலை” என்ற பெயரோடு.

அறையும் கருவியும்

நல்ல கருவி இருந்து அறை சத்தமாக இருப்பதைவிட, சாதாரணக் கருவி இருந்து அறை அமைதியாக இருப்பது மேல். சத்துணவுக் கூடம், கழிப்பறை, மணி, தண்ணீர்த் தொட்டி, ரோட்டுப் பக்க ஜன்னல் இவற்றிலிருந்து தள்ளியிருக்கும் அறையைக் கேளுங்கள். தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய எஸ்டேட் பள்ளியானால் இயந்திரம் ஓடாத நேரத்தை விசாரித்து அந்த நேரத்தில் வையுங்கள். மலைக்காற்று சந்துகளில் விசிலடிக்கும். ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணியுங்கள், தரையில் ஜமக்காளம் விரியுங்கள். பக்கத்து வகுப்புக்கு அந்த நேரத்தில் விளையாட்டுப் பாடம் வைத்து மைதானத்தின் தூரத்து மூலைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சத்தம் அளக்கும் கருவி இருந்தால் அறைச் சத்தம் 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் அளக்க வழி உண்டு. காது நன்றாகக் கேட்கும் பெரியவர் ஒருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ளட்டும். 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் (ஒலியின் சுருதி அளவு) மூன்றிலும் 20 டெசிபல் ஒலி அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, அறையை மாற்றுங்கள். வேறு அறையே இல்லையென்றால் 25 டெசிபலில் சோதிக்கலாம். ஆனால் பதிவேட்டில் “25” என்று எழுதியே ஆக வேண்டும். 500 ஹெர்ட்ஸைப் பள்ளியில் சோதிப்பதில்லை. அறையின் இரைச்சல் பெரும்பாலும் அந்தக் கனத்த ஒலிகளிலேயே இருப்பதால் அதை மூடிவிடும்.

ஒலிச் சோதனைக் கருவியான ஆடியோமீட்டரை ஆண்டுக்கு ஒரு முறை அளவு சரிபார்க்க அனுப்ப வேண்டும். அது தவிர, தினமும் காலையில் சோதிப்பவர் தன் காதிலேயே கேட்டுப் பார்க்க வேண்டும். வயரை ஆட்டிப் பாருங்கள், கரகரப்பு வரக்கூடாது. பட்டனை அழுத்தும்போது ‘டிக்’ சத்தம் கேட்டால் பிள்ளை அந்தச் சத்தத்துக்குத்தான் கை தூக்கும். குளிரில் ஜீப்பில் வந்த கருவியைச் சூடான அறைக்குள் வைத்த உடனே இயக்காதீர்கள். உள்ளே ஈரம் படியும், 20 நிமிடம் மூடியபடியே வைத்துவிட்டுத் திறங்கள். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

முதலில் காதைப் பாருங்கள்

ஹெட்போன் மாட்டும் முன் ஒவ்வொரு காதையும் பார்க்க வேண்டும். பயிற்சி பெறாத ஆசிரியரோ தன்னார்வலரோ டார்ச் அடித்து வெளியே பார்த்தால் போதும்: சீழ், இரத்தம், நாற்றம், காதுக்குப் பின்னால் வீக்கம், துளைக்குள் கண்ணுக்குத் தெரியும் பொருள். எதையும் உள்ளே விடக்கூடாது.

ஆட்டோஸ்கோப் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) பிடிக்கப் பழகிய செவிலியர் அதைப் பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்து, சுண்டுவிரலைப் பிள்ளையின் கன்னத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். பிள்ளை சட்டென்று தலையைத் திருப்பினால் கையும் கூடவே நகரும், காது குத்துப்படாது. பள்ளி வயதுப் பிள்ளைக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். கைக்குழந்தைக்குக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். நல்ல செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில் இருக்கும், வெளிச்சம் பட்டு ஒரு முக்கோணக் கீற்று மின்னும். அந்தக் கீற்று வலக்காதில் கடிகாரத்தின் 5 மணி இருக்கும் இடத்திலும் இடக்காதில் 7 மணி இருக்கும் இடத்திலும் விழும். சிவந்து உப்பியிருந்தால் புதிய சீழ்க்கட்டு. மங்கி உள்ளிழுத்தாற்போல் இருந்தாலோ, பின்னால் நீர்க்கோடோ குமிழோ தெரிந்தாலோ சளியால் கோத்த நீர். ஓட்டை தெரிந்தால் அந்தப் பிள்ளையை டாக்டரிடம் அனுப்பியாக வேண்டும். கூடலூர் மழைக்காலத்தில் நனைந்த செய்தித்தாள் போலக் கறுப்புப் புள்ளியோடு பூஞ்சை படிந்த காதையும் பார்ப்பீர்கள். அந்தப் பிள்ளை வலியைவிட அரிப்பைத்தான் சொல்லும்.

சீழ் வடியும் காதில் பட்ட ஆட்டோஸ்கோப் முனையை அடுத்த பிள்ளைக்கு வைக்கக்கூடாது. சுத்தமானவை ஒரு டப்பாவிலும் பயன்படுத்தியவை இன்னொரு டப்பாவிலும் இருக்கட்டும். 50 பிள்ளைகளுக்கு 10 முனைகளோடு கிளம்பாதீர்கள்.

ஒலிச் சோதனை

ஒரே நேரத்தில் அறைக்குள் ஒரு பிள்ளைதான். காத்திருக்கும் பிள்ளைகள் எதிரே நின்றால் எப்போது கை தூக்குகிறார்கள் என்று பார்த்து மனப்பாடம் செய்துவிடுவார்கள். குல்லா, மஃப்ளர், கண்ணாடி, பெரிய கம்மல் எல்லாவற்றையும் கழற்றுங்கள், முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குங்கள். குல்லாவைக் கழற்றமாட்டேன் என்று அழும் பிள்ளையை வெயிலில் ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். குல்லாவின் மேல் ஹெட்போன் மாட்டி எடுத்த முடிவு செல்லாது. சிவப்பு வலக்காதுக்கு, நீலம் இடக்காதுக்கு. ஹெட்போனின் நடுப்பகுதி காதுத் துளைக்கு நேராக உட்கார வேண்டும். மாட்டுவது நீங்கள்தான், பிள்ளை தானே மாட்டிக்கொள்ளக்கூடாது. மாட்டிய பின் அதைப் பிள்ளை தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை உங்கள் கையைப் பார்க்க முடியாதபடி பக்கவாட்டில் உட்காரட்டும். அதன் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், உங்கள் விரல் அதற்குத் தெரியக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கை தூக்குவதைவிட விளையாட்டு ஒத்துவரும். ஒரு கையில் புளியங்கொட்டை, முன்னால் ஒரு டம்ளர். “சின்னச் சத்தம் வந்தாலும் ஒரு கொட்டையைப் போடணும் கண்ணு, சத்தம் வரலைன்னா போடக் கூடாது.” எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், அது எழுப்பும் சத்தமே அடுத்த ஒலியைக் கெடுக்கும், பிளாஸ்டிக் டம்ளர் போதும்.

இதை எந்த மொழியில் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். ஒலிக்கு மொழி கிடையாது, விளக்கத்துக்கு உண்டு. படுகு பேசும் வீட்டுப் பிள்ளை 1ஆம் வகுப்பில் தமிழை ஓரளவு பிடித்திருக்கும். பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைக்கும் வட மாநிலத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைக்கும் நீங்கள் சொன்னது ஒன்றுமே விளங்காமல் போகலாம். அதே மொழி பேசும் 5ஆம் வகுப்பு அக்காவையோ சத்துணவு அம்மாவையோ பக்கத்தில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். விளங்கியதா என்று ஒலியை வைத்தே பாருங்கள், “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும்.

பழக்குவதற்கு 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் வையுங்கள். தொடர்ந்து இரண்டு முறை சரியாகக் கொட்டை போட்டால் பிள்ளைக்கு விளையாட்டு விளங்கிவிட்டது. 40 கேட்கவில்லையென்றால் 60க்கு ஏற்றுங்கள். அதிலும் அசையவில்லையென்றால் ஹெட்போனைக் கழற்றி, ஒலியைக் கூட்டி, மேசையில் வைத்துக் காட்டி மறுபடி விளக்குங்கள்.

பிறகு 20 டெசிபலுக்கு இறக்குங்கள். வலக்காதில் 1000, 2000, 4000. அதன்பின் இடக்காதில் அதே வரிசை. ஏதாவது ஒரு காது சரியில்லை என்று பிள்ளையே சொன்னால் நல்ல காதில் தொடங்குங்கள். ஒவ்வொரு ஒலியும் ஒன்று இரண்டு நொடி. இடைவெளியை மாற்றிக்கொண்டே இருங்கள்: 2 நொடி, 5 நொடி, 3 நொடி. தாளம் போட்டதுபோல் அழுத்தினால் பிள்ளை தாளத்துக்குக் கொட்டை போடும், ஒலிக்கு அல்ல. ஒரே ஒலியை மூன்று முறை தந்து இரண்டு முறையாவது பதில் வந்தால் அந்த ஒலியில் தேர்ச்சி. இரண்டு காதிலும் மூன்று ஒலியிலும், அதாவது ஆறு கட்டத்திலும் தேர வேண்டும். ஒரு கட்டம் விட்டாலும் தோல்விதான். “அஞ்சு வந்துருச்சு, போதும்” என்று விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. 4000 மட்டும் கேட்காத பிள்ளைக்கு ஆசிரியர் பேசுவது கேட்கும், சொல் பிரிந்து விளங்காது.

தோற்ற பிள்ளைக்கு அன்றே இரண்டாவது முறை. ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள், மறுபடி விளக்குங்கள், முடிந்தால் வேறொருவர் சோதிக்கட்டும். முதலில் தோற்றவர்களில் பலர் இதில் தேறிவிடுவார்கள். ஒரு கருவிக்கு ஒரு நாளில் 50 பிள்ளைகள் என்று திட்டமிட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும். 100 என்று திட்டமிட்டால் மதியத்துக்குப் பின் எழுதுவதெல்லாம் ஊகமாகிவிடும்.

தோற்ற பிள்ளைக்கு என்ன

முகாம் நடத்துவோர் பலரும் கைவிடுகிற இடம் இது. போட்டோ எடுத்தாயிற்று, சோதித்தவர்கள் எண்ணிக்கை அறிக்கையில் ஏறியாயிற்று, தோற்ற 6 பிள்ளைகளின் பெயர் ஒரு தாளில் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அந்த 6 பேருக்காகத்தான் மற்ற எல்லோரையும் சோதித்தோம். ஆட்களும் பணமும் குறைவாக இருந்தால் சோதிக்கும் பள்ளிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், பின்தொடர்வதைக் குறைக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், வகுப்பு, வீட்டில் பேசும் மொழி, வீடு இருக்கும் இடம் (லைன் வீடானால் எந்த டிவிஷன், எந்த லைன்), போன் யாருடையது, எந்தக் காது, எந்த ஒலி, காதில் என்ன தெரிந்தது, எங்கே அனுப்பினோம், போனார்களா, டாக்டர் என்ன சொன்னார், அடுத்த தேதி. கடைசி மூன்று கட்டமும் நிரம்பும்வரை அந்தப் பெயரை அடிக்கக்கூடாது.

எல்லோரையும் ஒரே இடத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. குறும்பி (காது மெழுகு) மட்டும் அடைத்திருந்தால் அருகில் உள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சளி மட்டும் இருந்து வேறொன்றும் தெரியாவிட்டால் 8 முதல் 10 வாரம் கழித்து அதே பள்ளியில் மறுசோதனை. நடுச்செவியில் கோத்த நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். அப்போதும் தோற்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போயே ஆக வேண்டும். சீழ், ஓட்டை, ஒரு காது முற்றிலும் கேட்காமை, பேச்சு பின்தங்கியிருத்தல் இவற்றுக்குக் காத்திருக்கவே வேண்டாம். பொன்னுக்குவீங்கி வந்து போன பின் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே அனுப்புங்கள்.

அரசின் தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிகளுக்கு இரு முறையும் வர வேண்டும். 18 வயது வரை காது கேளாமையும் காதில் சீழ் வடிவதும் அவர்கள் பார்க்கும் நோய்களில் உண்டு. அவர்கள் வரும் தேதியைக் கேட்டு, உங்கள் பட்டியலைக் கையில் கொடுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான மருத்துவ முகாம் எப்போது என்பதை அவர் சொல்வார்.

பெற்றோரிடம் சொல்லும் விதத்தில் பாதி வேலை இருக்கிறது. “உங்க பாப்பாவுக்குக் காது கேக்காதுன்னு சொல்லலைங்கம்மா. இன்னொரு தடவை பெரிய மெஷின்ல பார்க்கணும், அவ்வளவுதான்.” அதற்கு மேல் பள்ளி வாசலில் நின்று பேசாதீர்கள், பக்கத்தில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெண் பிள்ளையானால் வீட்டில் அதை மறைக்கவே பார்ப்பார்கள்.

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் மலை ஏற வேண்டும். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலி. பேருந்து ஏறிப் போய், “டாக்டர் இன்னைக்கு லீவு” என்று திரும்பி வந்தால் இரண்டாவது முறை போகமாட்டார். டாக்டரும் ஆடியோலஜிஸ்ட்டும் (கேட்கும் திறனை அளப்பவர்) இருவரும் இருக்கும் நாள் எது என்று முன்பே போன் செய்து கேட்டு, நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்புங்கள். கூடவே பள்ளியிலிருந்து ஒருவர் போனால் சீட்டு வாங்குவதிலிருந்து மருந்து வாங்குவது வரை எதுவும் விட்டுப்போகாது.

திரும்பி வரும்போது கையில் ஓர் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம், இருக்கும். சிவப்பு வட்டம் வலக்காது, நீலப் பெருக்கல் குறி இடக்காது. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 20 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு, 20 முதல் 35 வரை லேசான குறை, 35 முதல் 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை கூடிக்கொண்டே போகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் குறை உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் குறை உள்ளவரைக் கேளாதவர் என்றும் சொல்கிறது. 40 டெசிபலில் நிற்கும் பிள்ளை இந்த வரையறைக்குள் வராது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதால் அந்தப் பிள்ளைக்குக் குறையே இல்லை என்று பெற்றோரும் பள்ளியும் முடிவுகட்டிவிடுகிறார்கள். வகுப்பில் பாதிச் சொல் காதில் விழாத பிள்ளைக்குக் காது மெஷினும் முன்வரிசை இடமும் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேண்டும்.

சீழ் வடியும் காது

“காது ஒழுகறது சின்னதுல எல்லாருக்கும் வர்றதுதான், வளர வளரப் போயிரும்” என்று சொல்லாத வீடு குறைவு. இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகும் காது தானாகப் போகாது. ஒழுக ஒழுகக் கேட்கும் திறன் குறைந்துகொண்டே போகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது காதை உலர்த்துவது. பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியைத் துவைத்துக் கொதிக்கவைத்து உலர்த்துங்கள். மூடுபனி நாளில் துணி காயவே காயாது, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சிறு துண்டாகக் கிழித்துக் கூரான திரியாக முறுக்குங்கள். காது மடலை மேலும் பின்னும் இழுத்து, திரியை மெதுவாக உள்ளே விட்டு, ஊறும்வரை வைத்திருந்து எடுங்கள். அடுத்த திரி, அதற்கடுத்த திரி, உலர்ந்து வரும்வரை. ஒரு நாளைக்கு மூன்று முறையாவது. தீக்குச்சியில் பஞ்சு சுற்றக்கூடாது. திரியையோ பஞ்சையோ காதுக்குள் விட்டுவிட்டுப் பள்ளிக்கு அனுப்பக்கூடாது, உள்ளே ஈரம் அடைத்துப் புண் ஆறாது.

டாக்டர் எழுதிய சொட்டு மருந்தைத் திரி வைத்து உலர்த்திய பின்தான் விட வேண்டும், சீழின் மேல் விட்டால் மருந்து உள்ளே போய்ச் சேராது. இந்தக் குளிரில் பாட்டில் ஐஸ் போல் இருக்கும். அப்படியே விட்டால் பிள்ளைக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், மறுநாள் காதைக் காட்டாது. ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றுங்கள், அடுப்பில் காட்டாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருந்து விட்டு, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை நாலைந்து முறை அழுத்திவிட்டு, ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். போன வருடத்துப் பாட்டில், அண்ணனுக்கு எழுதிய பாட்டில், கடையில் கேட்டு வாங்கிய பாட்டில் எதுவும் வேண்டாம். சில ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்துகள் ஓட்டை விழுந்த செவிப்பறை வழியே உட்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுக்கும்.

தலைக்குக் குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சால் காதை அடைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். அருவியிலும் ஆற்றிலும் முங்கக்கூடாது. வீட்டுக்குள் விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் நடுச்செவிச் சீழை வளர்க்கும்; குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கும் வீடுகளில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்தள்ளினால், முகம் ஒரு பக்கம் கோணினால், காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால், கழுத்து விறைத்தால், நிற்கமுடியாமல் தலை சுற்றினால் மறுநாள் காலை வரை வைத்திருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். சீழ் குறைவாகவே வந்தாலும் அழுகல் நாற்றம் அடித்தால் அது எலும்பை அரிக்கும் வகையாக இருக்கலாம், அந்தப் பிள்ளைக்குப் பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

காதுக்குள் எதைப் போடக்கூடாது

குறும்பி அழுக்கு இல்லை. தூசியையும் கிருமியையும் தடுத்துத் தானே வெளியே வரும். ஊக்கு, ஹேர்பின், விளக்குமாற்றுக் குச்சி, கோழி இறகு, பட்ஸ் எல்லாமே அதை உள்ளே தள்ளி இடிக்கும். பூண்டு காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் காது வலிக்கு வேண்டாம்.

பூச்சி நுழைந்துவிட்டால், முன்பு எப்போதும் சீழ் வந்திராத காதானால் மட்டும், வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயைச் சில துளி விட்டுப் பூச்சியைக் கொன்றுவிட்டு மருத்துவமனைக்குப் போகலாம். பட்டாணி, பயறு, விதை என்றால் ஒரு துளித் தண்ணீரும் கூடாது, ஊறி உப்பிக்கொள்ளும். பொம்மையிலோ கைக்கடிகாரத்திலோ இருக்கும் பொத்தான் பேட்டரி காதுக்குள் போயிருந்தால் எந்தச் சொட்டும் விடாமல் உடனே ஓடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துவிடும்.

மலை இறங்கும்போது

ஊட்டி 2240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடியிருக்கும். காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் குழாய் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டால்தான் செவிப்பறை நேராக நிற்கும். சளியில் அந்தக் குழாய் அடைத்திருக்கும், அதனால்தான் ஏறும்போதைவிட இறங்கும்போது வலி அதிகம். பர்லியாறு தாண்டுவதற்குள் பிள்ளையை எழுப்பிவிடுங்கள். தூங்கும் பிள்ளை எச்சில் விழுங்குவது குறைவு. மிட்டாய் சப்பட்டும், தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கட்டும், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

கோவைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இறங்கிய கையோடு காதை அளந்தால் வழியில் வந்த அடைப்பே குறையாகப் பதிவாகலாம். அரை மணி நேரம் முன்னதாகப் போய், ஏதாவது சாப்பிடவைத்து, “இப்ப காது அடைக்குதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே அனுப்புங்கள். கடும் சளி இருந்தால் தேதியைத் தள்ளிவைப்பதே நல்லது.

வகுப்பறையும் காது மெஷினும்

நல்ல காது ஆசிரியரை நோக்கி இருக்கும்படி முன்வரிசையில் இடம். ஜன்னலுக்கு எதிரே நின்று பாடம் நடத்தினால் ஆசிரியரின் முகம் இருட்டாகத் தெரியும், உதடு தெரியாது. மூடுபனி நாளில் விளக்கைப் போடுங்கள். மஃப்ளரை வாயிலிருந்து இறக்கிவிட்டுப் பேசுங்கள். பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே சொன்னது இந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. மழை கூரையில் அறையும்போது கத்திப் பயனில்லை, எழுதிப் போடுங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் பிள்ளைக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாது. தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டெருமை உரசும் சத்தமும், பனியில் வளைவு திரும்பும் ஜீப்பின் ஹாரனும் அதில் அடக்கம். அந்தப் பிள்ளையைத் தனியாக நடக்கவிடாமல் கூட்டாளி ஒருவரைச் சேர்த்து அனுப்புங்கள்.

காது மெஷினைக் கெடுப்பது இங்கே ஈரம். இரவில் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். அடுப்பு மேட்டில் வைத்து உலர்த்தினால் பிளாஸ்டிக் உருகும். குழாயில் நீர்த்துளி தெரிந்தால் ரப்பர் ஊதியால் ஊதி எடுங்கள். பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்து ஓரிரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட வேண்டும், அது காற்றை இழுத்து வேலை செய்யும் வகை. மெஷின் விசிலடித்தால் முதலில் குல்லாவைப் பாருங்கள். கம்பளி மெஷினை அழுத்தினால் விசில் வரும். மெல்லிய, தளர்வான குல்லா போதும். குல்லா இல்லாமலும் விசிலடித்தால் காது அச்சு (காதுக்குள் பொருந்தும் பகுதி) தளர்ந்திருக்கிறது. பிள்ளை வளர வளர அச்சைப் புதிதாக எடுக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது. விசில் தாங்காமல் பெட்டிக்குள் போன மெஷின்களில் பலவற்றுக்குக் கோளாறு இந்த அச்சுதான். ஆசிரியர் மேசையில் ஒரு ஜோடி பேட்டரி எப்போதும் இருக்கட்டும்.

பெரிய பிள்ளைகளின் இயர்போனுக்கு ஒரு கணக்குச் சொல்லிவையுங்கள்: பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம், அதுவும் 75 டெசிபலுக்குள். போனில் பாதி அளவுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது எளிய வழி.

5ஆம் வகுப்பு முடித்து எஸ்டேட் பள்ளியிலிருந்து டவுன் பள்ளிக்கோ உண்டு உறைவிடப் பள்ளிக்கோ போகும் பிள்ளைகளிடம்தான் நூல் அறுந்துபோகிறது. மாற்றுச் சான்றிதழோடு ஆடியோகிராம் நகலையும், எந்தக் காது நல்ல காது, எங்கே உட்காரவைக்க வேண்டும், மறுசோதனை எப்போது என்று எழுதிய அரைப் பக்கத் தாளையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். ஜூன் மாதம் புதிய பள்ளியின் வகுப்பாசிரியருக்கு ஒரு போன் செய்து, தாள் அவர் கைக்கு வந்ததா என்று கேட்டுவிட்டு, நோட்டில் அந்தத் தேதியைக் குறியுங்கள்.